கார் உங்கள் திறப்பை மறக்கவில்லை



எங்கள் ஊர்களில் கார் ஒன்று ஸ்ரார்ட் வராவிட்டால் உடனே கேட்கும் சொல், "நாலு பேர் வந்து தள்ளுங்கோ" என்பதுதான். ஒஸ்ரின் கேம்பிறிஜ், மொறிஸ் மைனர் காலத்து வைத்தியம் அது. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோலும் பற்றரியும் எங்கள் பக்கம் வரவிடாமல் தடுக்கப்பட்டிருந்தன. அப்போது அந்தப் பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். முதலில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைப் பிடிக்கவைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட சனம் நாங்கள். இல்லாததை வைத்துக்கொண்டு சமாளிக்க எங்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

ஆனால் இன்று ஓடுகின்ற பல கார்களுக்கு அந்தப் பழைய வைத்தியம் செல்லாது. எட்டுப் பேர் சேர்ந்து தள்ளினாலும் எஞ்சின் பிடிக்காது. காரணம், காருக்குள் ஒரு காவற்காரன் இருக்கிறான். அவனுக்குப் பெயர் இமொபிலைசர். "இது என் வீட்டுக்காரரின் திறப்புத்தானா?" என்று கேட்டுப் பார்த்து, ஓம் என்றால் மட்டுமே எஞ்சினை ஓட விடுவான். பற்றரி இறங்கிப்போன நாட்களில் இவன் குழம்பிவிடுவதுண்டு. அந்த நேரத்தில் எங்களுக்கு விடயம் தெரியாவிட்டால், சிறிய செலவோடு முடியவேண்டிய வேலைக்கு ஒரு மாத உழைப்பையே கொடுக்க நேரிடும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் சிறிய கார் ஒன்றில் ஹயர் ஓடிப் பிள்ளைகளை வளர்ப்பவள். கார் லீசிங்கில் எடுத்தது. கிளினிக்குக்குப் போகும் கர்ப்பிணித் தாய்மார், ரியூசனுக்குப் போகும் பிள்ளைகள், பென்சன் எடுக்கப் போகும் முதியவர்கள் என்று என்னை நம்பிச் சிலர் இருக்கிறார்கள். கார் ஒரு நாள் நின்றால் அன்றைய அடுப்புக்கும் அது தெரியும். இதை வாசிக்கும் உங்களில் பலரும் வாகனத்தை நம்பி வாழ்பவர்களாக இருப்பீர்கள். சிலருக்கு வெளிநாட்டிலுள்ள சகோதரன் வாங்கித் தந்த கார், சிலருக்குத் தவணைக் காசில் எடுத்த வான். முச்சக்கர வண்டி ஓட்டும் சகோதரிகளுக்கு இமொபிலைசர் பற்றிய கவலை பெரும்பாலும் இல்லை. ஆனால் பற்றரி பற்றிச் சொல்லப்போகும் பல விடயங்கள் அவர்களுக்கும் உதவும்.

இமொபிலைசர் என்றால் என்ன?

முன்பெல்லாம் திருடன் திறப்பில்லாமலே வயரை அறுத்து, இரண்டு நுனியையும் முட்டவைத்துக் காரைக் கொண்டுபோய்விடுவான். அதைத் தடுக்க வந்ததுதான் இது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 1998 ஒக்டோபர் முதலும், அவுஸ்திரேலியாவில் 2001 முதலும், கனடாவில் 2007 செப்டெம்பர் முதலும் புதிய கார்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. எங்கள் வீதிகளில் ஓடுகின்ற ஜப்பான், இந்தியக் கார்கள் பலவற்றிலும் இருக்கிறது.

உங்கள் திறப்பின் பிளாஸ்ரிக் தலைக்குள் அரிசியைவிடச் சற்றுப் பெரிதான ஒரு சிப் இருக்கும். அதற்கென்று பற்றரி கிடையாது. திறப்பு போடும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் வளையம் மறைவாக இருக்கும். நீங்கள் திறப்பை 'ஒன்' நிலைக்குத் திருப்பியதும் அந்த வளையம் மெல்லிய வானொலி அலையை விடும். பல கார்களில் இது 125 கிலோ ஹேர்ட்ஸ் அளவிலானது. அந்த அலையின் சக்தியிலேயே சிப் விழித்து, தன் இரகசிய இலக்கத்தைச் சொல்லும். காரின் கொம்பியூட்டர் அதைச் சரிபார்க்கும். சரியென்றால் எரிபொருளும் தீப்பொறியும் கிடைக்கும். பிழையென்றால் கிடைக்காது. இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்துக்குள் நடந்து முடியும்.

திறப்பிலுள்ள கதவு திறக்கும் ரிமோற் வேறு, இந்தச் சிப் வேறு. ரிமோற்றுக்குள் இருக்கும் பொத்தான் பற்றரி செத்தாலும், திறப்பைப் போட்டுத் திருப்பும் கார் வழமைபோல் ஸ்ரார்ட் வரும்.

பற்றரி இறங்கினால் ஏன் சிக்கல்?

"பற்றரி செத்ததால் கார் திறப்பை மறந்துவிட்டது" என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. திறப்பின் இலக்கம் கொம்பியூட்டருக்குள் மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத நினைவகத்தில் பதியப்பட்டிருக்கிறது. பற்றரியைக் கழற்றி ஒரு மாதம் வைத்தாலும் அது அழிவதில்லை.

உண்மையில் நடப்பது வேறு. நல்ல பற்றரி ஓய்வில் 12.6 வோல்ற் அளவில் இருக்கும். 12 வோல்ற்றுக்குக் கீழே போனால் அது இறங்கிய பற்றரி. செல்ஃப் மோட்டர் சுழலும்போது மின்னை அள்ளி இழுக்கும். அந்த நேரத்தில் ஏற்கெனவே பெலன் குறைந்த பற்றரி 9 வோல்ற்றுக்கும் கீழே விழுந்துவிடும். அப்போது கொம்பியூட்டரால் ஒழுங்காக வேலை செய்ய முடியாது. திறப்பை வாசிக்கவும் முடியாது. வாசிக்க முடியாத திறப்பை அது அந்நியத் திறப்பாகவே கருதி எஞ்சினைப் பூட்டிவிடும்.

வேறு காரணங்களும் உண்டு. பற்றரி முனைகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் மின் சரியாகப் பாயாது. ஜம்ப் வயர் கொடுக்கும்போது பியூஸ் ஒன்று எரிந்திருக்கலாம். பிறகு பூட்டிய அலாரம் இருந்தால், மின் திரும்பி வந்ததும் அது "பூட்டிய நிலையில்" விழித்துக்கொள்ளலாம். இவையெல்லாம் சிறிய வேலைகள். கொம்பியூட்டர் உண்மையில் பழுதாவது கடைசியாக நினைக்கவேண்டிய காரணம்.

2022 இல் என் கார் நின்றபோது

2022 ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். நாடு முழுவதும் வாகனங்கள் முற்றத்தில் நின்றன. என் காரும் ஐந்து கிழமை வேப்பமரத்தின் கீழ் நின்றது. பின்பு கியூ.ஆர். முறை வந்து எங்கள் முறையும் வந்தது. நிரப்பு நிலையத்துக்குப் போகிற அளவு பெற்றோல் தாங்கியில் இருந்தது. திறப்பைத் திருப்பினால் ஒரு சத்தமுமில்லை.

பக்கத்து வளவு அண்ணை தன் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து வயர் கொடுத்தார். செல்ஃப் சுழன்றது. ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. மீற்றர் பலகையில் திறப்புப் படம் போட்ட சிறு விளக்கு விடாமல் மினுங்கிக்கொண்டிருந்தது.

ஒரு கராச்சிலிருந்து வந்து பார்த்தவர், "அக்கா, கொம்பியூட்டர் அடிச்சுப் போட்டுது. கொழும்பிலயிருந்து எடுக்கோணும். 85,000 முடியும்" என்றார். ஒரு மீற்றரும் வைத்துப் பார்க்கவில்லை. வேண்டுமென்று ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். அந்த விளக்கைக் கண்டதும் அவருக்கு அதுதான் தோன்றியிருக்கும். ஆனால் லீசிங் காசே இரண்டு மாதம் நிலுவையில் இருந்த எனக்கு 85,000 என்பது எட்டாத தொகை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த நாள் அயற்கிராமத்து வயதான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் பொனற்றைத் திறந்ததும், "தங்கச்சி, இப்ப ஒண்டையும் கழட்ட வேண்டாம். முதல்ல பற்றரியைப் பாப்பம்" என்றார். மல்ரிமீற்றரை வைத்தார்; 11.7 வோல்ற். என்னைத் திறப்பைத் திருப்பச் சொன்னார். 8 இற்கும் கீழே விழுந்தது. மறைமுனையில் பச்சை பூத்திருந்தது. அதைச் சுத்தம் செய்து, பற்றரியைக் கொண்டுபோய் இரவு முழுவதும் சாச் போட்டார். காலையில் பூட்டினோம். திறப்பை 'ஒன்' பண்ணியதும் அந்த விளக்கு ஒரு முறை எரிந்து அணைந்தது. எஞ்சின் ஒரே அடியில் பிடித்தது. அவர் எடுத்த கூலி 1,500 ரூபா.

"கார் திறப்பை மறக்கேல்லைப் பிள்ளை. அதுக்கு வாசிக்கப் பெலன் இல்லை, அவ்வளவுதான்" என்றார். அன்று முதல் அவரிடம் கேட்டும், கார்க் கையேட்டைப் பார்த்தும், மற்றச் சாரதிகளோடு பேசியும் அறிந்தவற்றைத்தான் கீழே தருகிறேன்.

எந்த நோய் என்று முதலில் அறியுங்கள்

திறப்பை 'ஒன்' நிலைக்கு மட்டும் திருப்பி, மீற்றர் பலகையைப் பாருங்கள். திறப்புப் படமோ, கார்மேல் பூட்டுப் படமோ போட்ட சிறு விளக்கு ஒன்று இருக்கும். பெரும்பாலான கார்களில் 'ஒன்' பண்ணியதும் அது சில விநாடிகளில் அணைந்துவிட வேண்டும். உங்கள் காரில் அது வழமையாக எப்படி நடக்கிறது என்பதை நல்ல நாளிலேயே பார்த்து வையுங்கள். பிறகு ஸ்ரார்ட் பண்ணிப் பாருங்கள்.

முதலாவது: விளக்குகள் மங்கலாக எரிந்து, "ரிக் ரிக்" என்ற சத்தம் மட்டும் வந்தால், அல்லது சத்தமே வராவிட்டால், பிரச்சினை பற்றரியில். இமொபிலைசரைப் பற்றி இப்போது யோசிக்கவே தேவையில்லை.

இரண்டாவது: செல்ஃப் பலமாகச் சுழல்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை, அல்லது ஒரு விநாடி பிடித்து உடனே நின்றுவிடுகிறது, அந்தச் சிறு விளக்கும் மினுங்குகிறது என்றால், கார் திறப்பை அடையாளம் காணவில்லை. சில கார்களில் இந்த நிலையில் செல்ஃபும் சுழலாது. ஆனால் மற்ற விளக்குகள் நல்ல வெளிச்சமாக எரியும்.

மூன்றாவது: செல்ஃப் பலமாகச் சுழல்கிறது, சிறு விளக்கும் ஒழுங்காக அணைந்துவிட்டது, ஆனாலும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால், பிழை வேறிடத்தில். பெற்றோல் பம்ப், பிளக், பியூஸ் என்று பார்க்க வேண்டும்.

இந்த மூன்றில் எது என்று உங்களால் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்துவிட்டது. செல்ஃபை ஒரு தடவையில் 10 விநாடிக்கு மேல் சுழற்ற வேண்டாம். மறுபடி முயல முன் அரை நிமிடம் பொறுங்கள். விடாமல் அடித்தால் இருக்கிற கொஞ்ச மின்னும் போய்விடும்.

பற்றரிக்குப் பெலன் கொடுத்தல்

முதலாவது நிலை மட்டுமல்ல, இரண்டாவது நிலை என்றாலும் பற்றரியிலிருந்தே தொடங்குங்கள். ஏனென்றால் பெலன் குறைந்த பற்றரியை வைத்துக்கொண்டு திறப்பைச் சோதிப்பதில் பயனில்லை. நேரம் இருந்தால் சாச் போடும் இடத்தில் கொடுத்து முழுமையாக ஏற்றுவதே நல்லது. அவசரமென்றால் ஜம்ப் வயர்.

மற்ற வாகனமும் 12 வோல்ற் வாகனமாக இருக்க வேண்டும். லொறி, பஸ் பலவற்றில் இரண்டு பற்றரி சேர்ந்து 24 வோல்ற் இருக்கும். அதிலிருந்து வயர் கொடுத்தால் காரின் இலத்திரனியல் பாகங்கள் எரிந்துபோகும். கேட்டு உறுதிசெய்யாமல் வயரைத் தொட விடாதீர்கள்.

வயர் கொடுக்கும் ஒழுங்கு இது. சிவப்பு வயரின் ஒரு நுனி உங்கள் பற்றரியின் நேர்முனைக்கு. மறு நுனி மற்றப் பற்றரியின் நேர்முனைக்கு. கறுப்பு வயரின் ஒரு நுனி மற்றப் பற்றரியின் மறைமுனைக்கு. கடைசி நுனியை உங்கள் எஞ்சினில் வர்ணம் பூசாத இரும்புப் பகுதி ஒன்றில், பற்றரியிலிருந்து தள்ளிக் கொழுவ வேண்டும். மற்ற வாகனத்தை ஓடவிட்டு 5 முதல் 10 நிமிடம் பொறுத்த பின்பு ஸ்ரார்ட் பண்ணுங்கள். கழற்றும்போது அதே ஒழுங்கைப் பின்னிருந்து செய்யுங்கள். நேர்முனையும் மறைமுனையும் மாறினால் ஒரு விநாடியிலேயே பெரிய நட்டம் வரும். அதனால் உதவி செய்ய வருபவர் எவ்வளவு அனுபவசாலி என்றாலும், நீங்களும் கூட நின்று நிறத்தைப் பாருங்கள்.

பற்றரியிலிருந்து தீப்பற்றக்கூடிய வாயு வெளிவரும். அருகில் நெருப்புக்குச்சி தட்டவோ சிகரெட் பிடிக்கவோ விடக்கூடாது. அமிலம் கையில் அல்லது கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். கண்ணென்றால் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்குப் போங்கள்.

முனைகள் பூத்திருந்தால், இளஞ்சூட்டு நீரில் அப்பச்சோடா கரைத்து பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்து உலரவிடுங்கள். கழற்றும்போது மறைமுனை முதலில், பூட்டும்போது மறைமுனை கடைசியில். பூட்டிய பின் கையால் ஆட்டிப் பார்த்தால் அசையக்கூடாது.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. செம்மஞ்சள் நிற வயர்களில் உயர் மின் பாய்கிறது. அவற்றை ஒருபோதும் தொடவேண்டாம். ஜம்ப் கொடுப்பதற்கென்று கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில் மட்டுமே கொடுங்கள். உங்கள் ஹைபிரிட் காரிலிருந்து மற்ற வாகனத்துக்கு வயர் கொடுப்பதையும் தவிருங்கள்.

திறப்பைச் சோதித்தல்

பற்றரி நன்றாக இருந்தும் அந்தச் சிறு விளக்கு மினுங்குகிறதா? இப்போது திறப்பைப் பாருங்கள்.

திறப்புக் கோர்வையிலிருந்து மற்றத் திறப்புகளையும் இரும்பு வளையங்களையும் கழற்றி, கார்த் திறப்பை மட்டும் தனியே போடுங்கள். இன்னொரு வாகனத்தின் சிப்புத் திறப்பு அருகில் இருந்தால், அதையும் வளையம் வாசிக்க முயன்று குழம்பலாம். திறப்பை வெளியே எடுத்து, சிறிது பொறுத்து, மீண்டும் போட்டு 'ஒன்' பண்ணுங்கள்.

அதற்கும் வராவிட்டால் இரண்டாவது திறப்பைப் போடுங்கள். இது மிக முக்கியமான சோதனை. இரண்டாவது திறப்பில் ஸ்ரார்ட் வந்தால் கொம்பியூட்டரும் நல்லது, வளையமும் நல்லது. முதல் திறப்பின் சிப்தான் பழுது. இரண்டு திறப்பிலும் வராவிட்டால் வளையம், பியூஸ், வயர் என்று பார்க்க வேண்டும்.

திறப்பின் கோது உடைந்து கடையில் புதுக் கோது போட்டவர்கள் பலர். பழைய கோதுக்குள் ஒட்டியிருக்கும் சிறு கறுப்பு அல்லது கண்ணாடிச் சிப்பை எடுத்துப் புதுக் கோதுக்குள் வைக்காவிட்டால், திறப்பு கதவைத் திறக்கும், ஆனால் எஞ்சினைத் திறக்காது. பழைய கோதை எறியாமல் வாங்கி வாருங்கள்.

பொத்தானை அழுத்தி ஸ்ரார்ட் பண்ணும் கார்களில், கையிலுள்ள ரிமோற் திறப்பின் சிறு பற்றரி செத்தால் "திறப்பு இல்லை" என்று கார் சொல்லும். அப்போது பிறேக்கை மிதித்துக்கொண்டு, ரிமோற்றை அந்த ஸ்ரார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து, பிறகு பொத்தானை அழுத்துங்கள். பல கார்களில் இப்படி ஸ்ரார்ட் வரும். கதவைத் திறக்க ரிமோற்றுக்குள் ஒரு இரும்புத் திறப்பு மறைத்து வைத்திருப்பார்கள். அதை எப்படி வெளியே எடுப்பது என்று இன்றே பழகி வையுங்கள்.

பிறகு பூட்டிய அலாரமும் பியூசும்

பழைய கார் வாங்கும்போது அதில் முந்திய உரிமையாளர் பூட்டுவித்த அலாரம் இருக்கக்கூடும். பற்றரி இறங்கி மீண்டும் மின் வந்ததும் அது கத்தத் தொடங்கலாம், அல்லது சத்தமில்லாமல் ஸ்ரார்ட்டைத் தடுக்கலாம். அந்த அலாரத்தின் ரிமோற்றில் "திற" பொத்தானை அழுத்திப் பாருங்கள். ரிமோற் இல்லாவிட்டால் டாஷ்போட்டின் கீழ் ஒரு மறைவுச் சுவிற்ச் வைத்திருப்பார்கள். அது எங்கே என்று வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.

பியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் எந்தப் பியூஸ் எதற்கென்று படம் இருக்கும். எரிந்த பியூசுக்குப் பதில் அதே அம்பியர் அளவுள்ளதைத்தான் போட வேண்டும். சிகரெட் பெட்டி ஈயத்தாளையோ வயர்த் துண்டையோ வைத்துச் சமாளிக்க விடாதீர்கள். கார் தீப்பற்றிய பின் அழுவதில் பயனில்லை.

கராச்சில் கேட்கவேண்டியவை

இவ்வளவும் செய்தும் வராவிட்டால் கராச்சுக்குத்தான் போகவேண்டும். அங்கே போய்த் தலையைக் குனிந்துகொண்டு நிற்கத் தேவையில்லை. காசு கொடுப்பவர் நாங்கள், கேட்க உரிமையுண்டு. அமைதியாக, மரியாதையாக இவற்றைக் கேளுங்கள்.

"பற்றரியை மீற்றர் வைத்துப் பார்த்தீர்களா? ஸ்ரார்ட் பண்ணும்போது எவ்வளவுக்கு இறங்குகிறது?" நல்ல பற்றரி என்றால் அந்த நேரத்திலும் 9.6 வோல்ற்றுக்குக் கீழே போகக்கூடாது.

"ஸ்கானர் போட்டுப் பார்த்தீர்களா? என்ன இலக்கம் காட்டியது?" ஸ்ரியரிங்கின் கீழுள்ள 16 ஊசித் துளைச் சொக்கற்றில் ஸ்கானரைக் கொழுவினால், பிழையின் இலக்கம் தெரியும். உதாரணமாக பி 0513 என்றால் "இமொபிலைசர் திறப்பு பிழை" என்பது பொருள். பற்றரி இறங்கியிருந்த நேரத்துப் பழைய பிழைகளும் பதிவில் இருக்கும். ஆகையால் பற்றரி நன்றாக ஏறிய பின் பழைய இலக்கங்களை அழித்துவிட்டு மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். இலக்கத்தைக் கடதாசியில் எழுதி வாங்குங்கள். கொம்பியூட்டர் மாற்ற வேண்டும் என்றால், அந்த இலக்கத்தோடு இன்னொரு கராச்சிலும் கேளுங்கள்.

"எவ்வளவு முடியும் என்று முதலே எழுதித் தருவீர்களா? மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா?" இதைக் கேட்டாலே பேச்சின் தொனி மாறும். பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள். சேவையில் அநியாயம் நடந்ததென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.

புதிய திறப்புப் பதிவுசெய்ய வேண்டியிருந்தால் வாகனப் பதிவுச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகளைக் கொண்டு போங்கள். எதையும் கேட்காமல் திறப்புச் செய்துதருபவர், நாளை உங்கள் காருக்கு இன்னொருவருக்கும் செய்துகொடுப்பார் என்பதை மனத்தில் வையுங்கள்.

"இந்தக் காவலையே வெட்டிவிடுவோம், இனிப் பிரச்சினை வராது" என்று சிலர் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். முற்றத்தில் மதிலில்லாத வீடுகளில் இரவு முழுவதும் எங்கள் காரைக் காப்பது அந்தச் சிறு சிப்தான்.

வராமல் காத்தல்

கிழமைக்கு ஒரு தடவையாவது அரை மணி நேரம் காரை ஓட்டுங்கள். முற்றத்தில் நிறுத்தி இரண்டு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிற்பாட்டுவதால், எடுத்த மின்கூடத் திரும்ப ஏறாது. எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 13.8 முதல் 14.4 வோல்ற் வரை காட்டினால் சாச் ஏறுகிறது என்று அர்த்தம். சில புதிய கார்களில் இது கூடிக்குறையும். மல்ரிமீற்றர் ஒன்று நாலு சாரதிகள் சேர்ந்து வாங்கினால் பெரிய செலவில்லை. எங்கள் வெயிலில் ஒரு பற்றரி மூன்று, நான்கு வருடம் தாண்டினால் அதன்மேல் ஒரு கண் வையுங்கள். வாங்கிய திகதியைப் பற்றரியின் மேலேயே எழுதிவிடலாம்.

பல கிழமை காரை ஓட்ட முடியாதென்று தெரிந்தால் மறைமுனையைக் கழற்றி வைக்கலாம். திறப்பின் நினைவு அழியாது. நேரமும் வானொலி நிலையங்களும் மட்டும் அழியும். சில வானொலிகள் திரும்ப வேலை செய்ய இரகசிய இலக்கம் கேட்கும். கழற்ற முன் அது உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இரண்டாவது திறப்பு. பழைய கார் வாங்கும்போது ஒரு திறப்பை மட்டும் தந்தால், மற்றதைக் கேளுங்கள். இல்லை என்றால் விலையில் குறைத்துக் கேட்டு, கையில் ஒரு நல்ல திறப்பு இருக்கும்போதே இன்னொன்று பதிவுசெய்து வையுங்கள். ஒரே திறப்பும் தொலைந்தால் வேலையும் செலவும் பல மடங்காகும். இரண்டாவது திறப்பைக் காருக்குள் வைக்காமல், வீட்டில் முக்கிய பத்திரங்களோடு பத்திரமாக வையுங்கள். ஓடிப்போன காலங்களில் எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று எங்களுக்குத் தெரியும். பையில் போடும் சிறு பொருள்கள் பின்பு எவ்வளவு பெரிதாகும் என்பதும் தெரியும்.

இன்று மாலை ஒரு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். திறப்பை 'ஒன்' பண்ணி, அந்தச் சிறு விளக்கு எங்கே இருக்கிறது, எத்தனை விநாடியில் அணைகிறது என்று பாருங்கள். பொனற்றைத் திறந்து பற்றரி முனைகள் பூத்திருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டாவது திறப்பைப் போட்டு ஒரு தடவை ஸ்ரார்ட் பண்ணிப் பாருங்கள். வாகனம் ஓட்டும் உங்கள் மகளும் கூட நின்று பார்க்கட்டும்.